ஒலிக்குமிழின் கரகரப்பு

கண்ணில் விழுந்த சிறு தூசு எதிரே நிற்கும் மலையையும் மறைத்துவிடும். காலில் தைத்த முள் வலிமை மிக்க உழவனையும் வரப்பின்மேல் அமர்த்திவிடும். பெரியன யாவும் பெரிய காரணங்களாலேயே கெடும் என்று எண்ணுதல் பொருந்தாது. மனிதன் தன் அறிவால் ஆக்கிய கருவிகளுக்கும் இவ்வுண்மை ஒக்கும். நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கொண்ட வானொலிப் பெட்டியின் பேச்சை, அதன் ஒலிக்குமிழினுள் படிந்த ஒரு சிட்டிகைக்கும் குறைந்த அழுக்குத் தடுத்துவிடுகிறது. அவ்வழுக்கு யாது, அஃது எவ்வாறு தீங்கு செய்கிறது, அதனைக் கருவிக்கு ஊறு நேராமல் அகற்றுவது எங்ஙனம் என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீனவர் வாழும் சிற்றூர் ஒன்று இருந்தது. 1960-களில் அவ்வூர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வால்வுகளால் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றவை. அவ்வூரார் மாலைதோறும் பெட்டியின் முன் கூடி, பாட்டும் செய்தியும் கேட்பர். ஆயினும், அவர்கள் யாவற்றினும் மேலாகக் கருதியது வானிலை அறிவிப்பையே. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் குறிகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பொதுவாக எண் உயர இடரும் மிகும். எத்துறைமுகத்தில் எவ்வெண் ஏற்றப்பட்டுள்ளது என்பதைக் கேட்டே அவ்வூரார் படகைக் கடலில் இறக்குவதா, கரையேற்றுவதா என்று துணிவர்.

ஐப்பசித் திங்களில் ஒரு மாலை. வாடைக்காற்று உரத்து வீசிற்று. காற்றின் இரைச்சலில் செய்தி கேளாமையால், பெட்டியைக் காக்கும் பணியாளரின் மகன் ஒலியைக் கூட்டுவதற்காகக் குமிழைத் திருகினான். உடனே, ‘கரகர’ என்னும் பேரொலி எழுந்தது; செய்தி மறைந்தது. மறுபடியும் திருகினான், ஒரு சொல் கேட்டது, இரு சொற்கள் மறைந்தன. துறைமுகத்தின் பெயர் கேட்டது. எச்சரிக்கைக் குறியின் எண் மட்டும் கேட்கவில்லை. மூன்று என்றார் ஒருவர். ஏழு என்றார் மற்றொருவர். அங்கிருந்த முதியவர், “எண் தெரியாத இரவில் கடலை நம்பலாகாது, படகுகளை மேலே ஏற்றுங்கள்” என்றார். அவ்வாறே செய்தனர். அன்றிரவு புயல் வரவில்லை. ஒருநாள் வருவாய் மட்டும் போயிற்று. ஆனால், எண்ணைத் தவறாகக் கேட்டுக் கடலுக்குச் சென்றிருப்பின், அதுவே புயல் வரும் இரவாகவும் இருந்திருப்பின், நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணி அனைவரும் அஞ்சினர்.

“பெட்டி பழையதாகிவிட்டது; விற்றுவிட்டு வேறு வாங்குவோம்” என்றனர் சிலர். வேறு வாங்கப் பஞ்சாயத்தில் பணம் இல்லை. ஆதலின், பக்கத்து நகரத்திலிருந்து வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் வந்தவுடன் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் சில வினாக்களைக் கேட்டார்.

“தம்பி, குமிழைத் தொடாமல் இருக்கும்போதும் இந்தக் கரகரப்புக் கேட்கிறதா?”

“இல்லை, ஐயா. திருகும்போதுதான் கேட்கிறது. சில வேளைகளில் மேசையைத் தட்டினாலும் ஒலி நின்று நின்று வருகிறது.”

“குமிழை முழுவதும் குறைத்துவிட்டால்?”

“ஒன்றும் கேட்பதில்லை, ஐயா.”

பழுதுபார்ப்பவர் முறுவலித்தார். “அப்படியானால் பெட்டி கிழப்பருவம் எய்தவில்லை, தம்பி. அதன் தொண்டையில் சிறிது தூசு சிக்கியிருக்கிறது” என்றார்.

அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. வானொலியில் கரகரப்புத் தோன்றும் இடங்கள் பல. வானில் நிகழும் மின்னலாலும், வான்கம்பியின் தளர்ந்த இணைப்பாலும், வால்வின் கால்களில் ஏறிய களிம்பாலும் அது தோன்றக்கூடும். குமிழைத் தொடாதபோதும் கரகரப்பு இடைவிடாது கேட்குமாயின், ஒலியை முற்றும் குறைத்துப் பார்த்தல் வேண்டும். குறைத்தவுடன் கரகரப்பும் அடங்கினால், பழுது குமிழுக்கு முன்னுள்ள பகுதியில் இருக்கிறது எனலாம். குறைத்த பின்னும் அடங்காது நின்றால், பழுது குமிழுக்குப் பின்னுள்ள பகுதியில் இருக்கிறது எனலாம். திருகும்போது மட்டும் கரகரத்து, திருகாதபோது அடங்குமாயின், குமிழே குற்றமுடையது என்று பெரும்பாலும் துணியலாம். நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து நாட வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறி கருவிகளுக்கும் ஏற்றதே.

இனி, ஒலிக்குமிழின் அமைப்பைக் காண்போம். வெளியே நாம் பற்றித் திருகும் பகுதி வெறும் கைப்பிடியே. அதன் பின்னே, பெட்டிக்குள், ஒரு பழைய வெள்ளி உருபாயின் அகலமே உள்ள வட்டச் சிமிழ் ஒன்று உண்டு. பழுதுபார்ப்போர் இதனை வால்யூம் கண்ட்ரோல் என வழங்குவர். மின்னழுத்தமானி என்னும் அளவுகருவியின் அமைப்பையே இதுவும் கொண்டது. அக்கருவியை 1841-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பொக்கென்டார்ஃப் விளக்கினார். சிமிழுக்குள் குதிரை இலாடம் போல் வளைந்த ஒரு பாதை இருக்கிறது. கரிப்பொடியைப் பிசினோடு கலந்து, மின்கடத்தாத தகட்டின்மேல் மெல்லிதாகப் பூசி அப்பாதையை அமைக்கின்றனர். இதனைக் கரித்தடம் எனலாம். வளையும் இயல்புடைய உலோகப் பட்டை ஒன்று விரல் போல் இதன்மீது அழுந்தி நிற்கிறது. இதனைத் தொடுவிரல் எனலாம். குமிழைத் திருகும்போது தொடுவிரல் கரித்தடத்தின்மேல் நகர்கிறது.

சிமிழில் மூன்று இணைப்புகள் உள்ளன. கரித்தடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, தொடுவிரலுக்கு ஒன்று. ஒலியாக மாறவேண்டிய மின்னலைகள் ஒரு முனையில் நுழைந்து, தடத்தின் வழியே மறுமுனையை அடைகின்றன. உயரமான படிக்கட்டு ஒன்றை எண்ணிக்கொள்க. அடியிலிருந்து எத்தனை படி ஏறி நிற்கிறோமோ அத்தனை உயரம் நமக்குக் கிட்டுகிறது. அதுபோலவே தொடுவிரல் தடத்தின் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற பங்கு மின்னழுத்தம் அதற்குக் கிட்டுகிறது. அப்பங்கே அடுத்த பகுதிக்குச் சென்று பெருக்கப்பட்டு ஒலியாகிறது. அடிமுனையில் நின்றால் ஒலி இல்லை. மேல்முனையில் நின்றால் ஒலி முழுமை பெறும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மனிதச் செவி ஒலியின் வலிமையை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஓர் ஒலி இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமாயின், அதன் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆதல் வேண்டும். ஆகையால், ஒலிக்குமிழின் கரித்தடத்தை முழுவதும் ஒரே சீராகப் பூசுவதில்லை. தொடக்கத்தில் மின்தடை மெல்லவும், பின்னர் விரைந்தும் மிகுமாறு அமைக்கின்றனர். செவியின் இயல்பறிந்து செய்த அமைப்பு இது. குமிழை மாற்ற நேரும்போது இந்நுட்பத்தை மறந்தவர் இடர்ப்படுவர்.

கரகரப்புக்குக் காரணம் யாதென இப்போது எளிதில் விளங்கும். தொடுவிரல் கரித்தடத்தோடு இடைவிடாத தொடர்பு கொண்டிருக்கும்வரை ஒலி சீராக வரும். நாளடைவில் சிமிழின் இடுக்கு வழியே தூசு நுழைகிறது. தொடுவிரலின் உலோகத்தில் களிம்பு ஏறுகிறது. கடற்காற்றில் உள்ள உப்பும் ஈரமும் இதனை மேலும் விரைவுபடுத்துகின்றன. தேய்ந்த கரித்துகள்களும் தடத்தின்மேல் சிறு மேடுகளாய்ச் சேர்கின்றன. தொடுவிரல் நகரும்போது இம்மேடுகளில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது தொடர்பு அறுகிறது, இறங்கும்போது இணைகிறது. நொடிக்குள் பலமுறை நிகழும் இவ்வறுதலும் இணைதலுமே, பலமடங்கு பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் ‘கரகர’ எனக் கேட்கின்றன. நாள்தோறும் ஒரே அளவில் வைத்துக் கேட்கப்படும் பெட்டியில் அவ்விடத்தை ஒட்டியே கரகரப்பு மிகுதல் உண்டு. நெடுநாள் திருகப்படாத குமிழும் கரகரக்கும். நடமாட்டம் இல்லாத பாதையில் புல் முளைப்பதை ஒத்தது இது.

பழுதுபார்ப்பவர் தம் வேலையைத் தொடங்குமுன் செய்த முதற் செயல், மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதனைத் தம் கண்முன்னே வைத்துக்கொண்டது. “குமிழையே திருகி அணைத்துவிட்டோமே, ஐயா, அது போதாதா?” என்று சிறுவன் வினவினான். “போதாது, தம்பி. பெட்டியை அணைக்கும் சுவிட்சு இந்தச் சிமிழின் முதுகிலேயே இருக்கிறது. பெட்டி அணைந்திருந்தாலும், வீட்டு மின்சாரம் அந்தச் சுவிட்சு வரையில் வந்து நிற்கும். நாம் கைவைக்கப் போகும் இடமே அதுதான்” என்றார் அவர்.

இஃது உயிரைக் காக்கும் அறிவுரையாகும். வால்வு வானொலிகளில் 250 வோல்ட்டு அளவிலான மின்னழுத்தம் இருப்பது இயல்பு. செருகியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தேங்கியிருக்கும். சிலவகைப் பழைய பெட்டிகளில் உட்புற உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேரே இணைந்திருக்கும். ஆகவே, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எப்பெட்டியையும் பயிற்சி பெற்ற பெரியவரின் துணையின்றி மாணவர் திறத்தல் ஆகாது. தேங்கிய மின்சாரத்தை முறைப்படி வெளியேற்றி, அளவுகருவியால் அதனை உறுதி செய்த பின்னரே உள்ளே கை செல்ல வேண்டும்.

அவ்வாறு செய்தபின், பழுதுபார்ப்பவர் கைப்பிடியைக் கழற்றிச் சிமிழைத் தேடிக் கண்டார். முதலில் மென்மையான தூரிகையால் வெளித்தூசை அகற்றினார். மூன்று இணைப்புகளும் வெளிவரும் இடத்தில் சிறு இடைவெளி இருந்தது. அதன் வழியே தூய்மை செய்யும் நீர்மத்தைச் சில துளிகள் மட்டும் விட்டார். பின்னர்க் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முப்பது முறை திருகினார். நீர்மம் அழுக்கை இளக்கியது. தொடுவிரல் அதனைத் தடத்திலிருந்து ஒதுக்கியது. மீண்டும் சில துளிகள் விட்டுத் திருகி, இளகிய அழுக்கைக் கழுவி வெளியேற்றினார். நீர்மம் முற்றும் உலரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே மின்செருகியைப் பொருத்தினார்.

அந்நாளில் பழுதுபார்ப்போர் பலர் இவ்வேலைக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நீர்மத்தைப் பயன்படுத்தினர். அது தீப்பற்றாது, அழுக்கை நன்கு கரைக்கும். ஆயினும், அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சாகும். வானத்து ஓசோன் படலத்தையும் அழிக்கும். 1987-ஆம் ஆண்டில் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1990-இல் இலண்டனில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கட்டுப்படுத்தப்படும் பொருள்களுள் கார்பன் டெட்ராகுளோரைடும் சேர்க்கப்பட்டது. பழைய பட்டறைகளில் அதன் புட்டி இருப்பினும் அதனைத் தீண்டலாகாது. இன்று நீர் கலவாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, இதற்கென விற்கப்படும் தொடுகை தூய்மியோ பயன்படுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆதலின், காற்றோட்டமுள்ள இடத்தில், விளக்கும் அடுப்பும் அருகில் இல்லாதபோது, கருவி ஆறிய பின்னரே அதனைக் கையாள வேண்டும். சில நீர்மங்கள் பிளாஸ்டிக்கை இளக்கும் இயல்புடையன. எனவே, வெளியில் தெரியாத ஓரிடத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்தல் நன்று.

செய்ய வேண்டுவனவற்றை அறிதல் போலவே செய்யத் தகாதவற்றை அறிதலும் வேண்டும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், தையற்பொறி எண்ணெய் ஆகியவற்றைக் குமிழுக்குள் விடுவார் உளர். எண்ணெய் அன்றைக்குக் கரகரப்பைத் தணிப்பது போல் தோன்றும். பின்னர், அதன் பசையில் தூசு ஒட்டிச் சேறுபோல் ஆகிவிடும். உப்புத்தாளால் தடத்தைத் தேய்ப்பது அதனினும் கொடிது. அழுக்கோடு கரிப்பூச்சும் போய்விடும். நீர்மத்தை மிகுதியாக ஊற்றுவதும் தவறே. குமிழின் அச்சு தளராமல் இதமாகச் சுழலும்பொருட்டு அதில் ஒருவகைக் கெட்டி மசகு இடப்பட்டிருக்கும். மிகுதியான நீர்மம் அதனையும் கழுவிவிடும். குமிழ் பிடிப்பின்றித் தளரும். முதுகில் உள்ள சுவிட்சுக்குள்ளும் நீர்மம் புகலாகாது. அளவறிந்து செய்தலே இப்பணிக்கு அடிப்படை.

பெட்டி பேசத் தொடங்கிற்று. சிறுவன் குமிழை ஏற்றியும் இறக்கியும் பார்த்தான். ஒலி சீராக வளர்ந்தது, சீராகத் தணிந்தது. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால், பத்து நாள்களுக்குள் பழைய கரகரப்பு மீண்டும் தோன்றியது. “தூய்மை செய்து பயன் இல்லை, விற்றுவிடுவதே நன்று” என்னும் பேச்சும் உடன் எழுந்தது.

மறுபடியும் வந்த பழுதுபார்ப்பவர் குமிழை உடனே கழுவவில்லை. “பத்து நாளில் இவ்வளவு அழுக்குச் சேராது, தம்பி. குமிழைக் கெடுப்பது வேறொன்றாக இருக்க வேண்டும்” என்றார். அளவுகருவியால் சோதித்து, குமிழுக்கு முன்னே இருந்த சிறு மின்தேக்கியைச் சுட்டினார். ஒலியின் மின்னலைகளை மட்டும் கடத்தி, ஒருதிசை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. அந்நாளைய மின்தேக்கிகள் மெழுகூட்டிய தாளால் ஆனவை. கடற்கரையின் ஈரம் தாளில் ஊறியதால் அது கசியத் தொடங்கியிருந்தது. தடுக்கப்பட வேண்டிய மின்சாரம் குமிழின் கரித்தடத்தில் பாய்ந்தது. அவ்வாறு பாயும் தடத்தில் தொடுவிரல் நகர்ந்தால், சிறு தொடர்புக் குறையும் பெருங்கரகரப்பாகக் கேட்கும். பழுதுபார்ப்பவர் அம்மின்தேக்கியை மாற்றினார்; குமிழை மீண்டும் ஒருமுறை தூய்மை செய்தார். அதன்பின் கரகரப்புத் திரும்பவில்லை.

தூய்மையாலும் தீராத நிலை வேறொன்றும் உண்டு. கரிப்பூச்சே தேய்ந்து போயிருந்தால், எத்தனை முறை கழுவினும் பயனில்லை. அப்போது சிமிழையே மாற்ற வேண்டும். புதியதன் மின்தடை பழையதன் அளவினதாக இருத்தல் வேண்டும். வால்வு வானொலிகளில் 5 இலட்சம் ஓமோ, 10 இலட்சம் ஓமோ இருத்தல் பெருவழக்கு. அளவு மட்டுமன்றித் தடத்தின் வகையும் ஒத்திருத்தல் வேண்டும். செவிக்கேற்பப் பூசிய தடத்துக்கு மாறாக ஒரே சீரான தடத்தைப் பொருத்தினால், சிறிது திருகியவுடன் ஒலி பெருகி, எஞ்சிய திருப்பத்தில் மாற்றமே இல்லாததுபோல் தோன்றும். வகையைக் குறிக்கும் எழுத்துகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவற்றை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பதே சிறந்தது. குமிழை நடுவில் நிறுத்தி, அடிமுனைக்கும் தொடுவிரலுக்கும் இடையே அளந்தால், சீரான தடத்தில் மொத்தத் தடையின் பாதி காட்டும். செவிக்கேற்ற தடத்தில் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மிகுதியோ காட்டும்.

வால்வு வானொலிகள் இன்று அருகிவிட்டன. இக்காலக் கருவிகள் பலவற்றில் பொத்தானை அழுத்தியே ஒலியைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றனர். ஆயினும், திருவிழாக்களில் பயன்படும் ஒலிபெருக்கிகளிலும், மின்கித்தார்களிலும், ஒலிக்கலவைப் பலகைகளிலும் கரித்தடமும் தொடுவிரலும் இன்றும் பணிபுரிந்து வருகின்றன. அங்கெல்லாம் இக்கரகரப்பும் தோன்றுகிறது. இத்தகைய கருவிகளை உறையிட்டு மூடிவைத்தலும், திங்களுக்கு ஒருமுறையேனும் குமிழ்களைக் கோடிமுதல் கோடிவரை சிலமுறை திருகி விடுதலும் கரகரப்பு வாராமல் காக்க உதவும்.

அவ்வாண்டு கார்த்திகைத் திங்களில் மீண்டும் காற்று உரத்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன் ஊரார் கூடி நின்றனர். சிறுவன் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினான். துறைமுகத்தின் பெயரும் கேட்டது. எச்சரிக்கைக் குறியின் எண்ணும் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்டது. ஒருவரும் மற்றவரை வினவவில்லை. அனைவரும் கரைக்குச் சென்று, படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டினர்.

பழுதுற்றது என்று கருதி எறியப்படும் பொருள்களுள் பல, உண்மையில் அழுக்குற்றவையே. அழுக்கை அகற்றுவதற்குப் பொறுமை வேண்டும். அது மீண்டும் சேர்வது ஏன் என்று ஆராய்வதற்கு அறிவு வேண்டும். இவ்விரண்டும் உடையவர் கையில் பழைய கருவியும் நெடுங்காலம் பயன் தரும்.